நம்ம பக்கத்துக்கு ஒரு சமுதாய வானொலி: ஏரிக்கரையில் ஆரம்பித்த பேச்சு

ஏரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)
வணக்கம். தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஏன் இதை எழுதுகிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் எங்கள் ஏரியில் நூறு நாள் வேலை நடந்தது. ஏழு வாரமாகக் கூலி வரவில்லை. கேட்டால் "மேல இருந்து வரல" என்பார்கள். மேல என்றால் எங்கே என்று யாருக்கும் தெரியாது. மகளிர் குழுவில் இருக்கிற நாங்கள் மூன்று பேர் போனிலேயே ஒலிப்பதிவு செய்ய ஆரம்பித்தோம். எத்தனை நாள் வேலை செய்தீர்கள், எத்தனை நாள் கூலி வந்தது, கூலி வராததால் வீட்டில் என்ன நின்றது. மூன்றே கேள்விதான். ஒரு பாட்டி, "சக்கரை மாத்திரை நின்னு போச்சு கண்ணு" என்றார். இன்னொரு அக்கா, "மளிகைக் கடைக்காரர் முகத்துல முழிக்க முடியல, சுத்து வழியாதான் வீட்டுக்குப் போறேன்" என்றார். கடைசியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சட்டத்தைச் சொன்னார். வருகைப் பதிவேடு முடித்த 15 நாளுக்குள் கூலி வர வேண்டும். வராவிட்டால் பதினாறாம் நாளுக்குப் பிறகு தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் நிலுவையில் 0.05 சதவீதம் நஷ்டஈடு. சின்னத் தொகைதான், ஆனாலும் நமக்குச் சேர வேண்டியது என்றார். எல்லாம் சேர்ந்து பதினெட்டு நிமிடம்.

மறுநாள் மதியம் புளியமரத்தடியில் ஸ்பீக்கர் வைத்துப் போட்டோம். தூக்குவாளியைத் திறக்காமல் கேட்டார்கள். தன் குரல் வந்ததும் அந்தப் பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முடிந்ததும், "இன்னொருக்கா போடு" என்றார். மூன்று தடவை போட்டோம். அப்புறம் அக்டோபர் 2 கிராம சபையிலும் அதையே போட்டோம்.

கூலி தீபாவளிக்கு முன்னால் வந்தது. ஒலிப்பதிவால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன், எல்லா ஊருக்கும் சேர்த்துத்தான் வந்தது. ஆனால் அதுவரை கிராம சபையில் வாயே திறக்காத பதினோரு பெண்கள் அன்று எழுந்து பேசினார்கள்.

இதை வாராவாரம், நாள்தோறும் செய்ய முடியாதா? நம்ம பக்கத்துக்கு ஒரு சமுதாய வானொலி, அதாவது ஊர் ஜனமே நடத்துகிற சின்ன வட்டத்து எஃப்எம் நிலையம், வேண்டும் என்று நினைக்கிறேன். உரிமம் வாங்குவதா, வேறு வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வயர்மேன்
தங்கச்சி, முதலில் கருவிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் பாலக்கோடு. முப்பது வருசமாக ரேடியோ, ஆம்ப்ளிபயர் வேலை.

சமுதாய வானொலிக்கு அனுமதி 100 வாட். கம்பம் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சமவெளியில் பத்து கிலோமீட்டர் சுற்று எடுக்கும். எஃப்எம் அலை நேர்க்கோட்டில் போகிறது. மலை குறுக்கே வந்தால் இந்தப் பக்கச் சரிவில் கணீரென்று கேட்கும், அந்தப் பக்கச் சரிவில் வெறும் இரைச்சல்தான். நம்ம மாவட்டத்தில் எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு மலை நிற்கிறது. வத்தல்மலை உச்சியில் கம்பம் நட்டால் பாதி மாவட்டம் கேட்குமே என்று தோன்றும். ஆனால் யாருக்கான வானொலியோ அந்த ஜனம் இருக்கிற இடத்திலேயே நிலையமும் கம்பமும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி எனக்குச் சரியாகத்தான் படுகிறது. மாவட்டத்துக்கே பேச 102.5-இல் அகில இந்திய வானொலி தர்மபுரி நிலையம் இருக்கிறது. உங்கள் ஏரிக்குப் பத்து கிலோமீட்டர் போதும்.

இன்னொன்று. செல்போனில் எஃப்எம் கேட்க இயர்போன் ஒயர்தான் ஏரியல். இப்போது வருகிற போன்களில் பலவற்றில் அந்தத் துளையும் இல்லை, எஃப்எம்மும் இல்லை. எல்லா போனிலும் எஃப்எம் வேலை செய்ய வேண்டும் என்று 2023-இல் மத்திய அரசே கம்பெனிகளுக்குச் சொல்ல வேண்டிவந்தது. ஆனால் மாட்டுக் கொட்டகையில் ஆணியில் தொங்குகிற பெட்டிக்கு டேட்டா வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். பால் கறக்கும்போது கை ஓயாது, காது சும்மாதானே இருக்கிறது? அந்தக் காதுக்கு ரேடியோதான்.

தளி ரோடு
நான் கெலமங்கலம். ஓசூரில் ஷிப்ட் வேலை. மன்னிக்கணும், நான் வேறு மாதிரி நினைக்கிறேன்.

உரிமம் வாங்கினால் வாய்ப்பூட்டும் சேர்ந்து வரும். செய்தி கூடாது, அரசியல் கூடாது. அப்புறம் எதற்கு? சத்தீஸ்கரில் 2010-இலிருந்து சிஜிநெட் ஸ்வரா நடக்கிறது. ஒரு எண்ணுக்கு போன் செய்து, ரேசன் கடை பூட்டியிருக்கிறது, வாத்தியார் வரவில்லை என்று கோண்டி மொழியிலேயே ஆதிவாசிகள் பதிவு செய்கிறார்கள். சரிபார்த்து வெளியிட்டதும் மற்றவர்கள் அதே எண்ணில் கேட்கிறார்கள். கம்பமும் வேண்டாம், டெல்லிக்கு விண்ணப்பமும் வேண்டாம்.

எங்கள் பக்கம் வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். ராத்திரி ஷிப்ட் முடித்து விடுதிக்கு வருகிற பிள்ளைகள் எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். அவர்களுக்குப் பத்து கிலோமீட்டர் வட்டம் எதற்கு? ஒரு வாட்ஸப் குரல்பதிவு போதும்.

ஏரிக்கரை
தம்பி, விடுதிப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். எங்கள் பாட்டியிடம் போன் இல்லை. வீட்டில் இருக்கிற ஒரு போனும் பேரன் கையில்தான் இருக்கிறது.

சட்டம் படிக்கிறவள்
விதியை ஒருமுறை தெளிவாக வைத்துக்கொண்டு பேசுவோம். ஏனென்றால் இதில் பாதி பயம் தெரியாததால் வருவது, மீதி பாதி உண்மையிலேயே பயப்பட வேண்டியது.

அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. அதற்கு அப்புறமும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் முதலில் கதவு திறந்தது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்எம் வந்தது அப்படித்தான். 2006 நவம்பரில்தான் லாப நோக்கமில்லாத அமைப்புகளும் நடத்தலாம் என்று ஆனது. அமைப்பு பதிவாகி மூன்று வருசம் ஆகியிருக்க வேண்டும். தனி ஆளுக்குக் கிடையாது, கட்சிக்கும் கட்சியின் துணை அமைப்புகளுக்கும் கிடையாது, கம்பெனிக்குக் கிடையாது. நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூரிலேயே தயாரித்திருக்க வேண்டும், கூடுமானவரை உள்ளூர்ப் பேச்சில். ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் பத்திரப்படுத்த வேண்டும்.

இதுவரை எல்லாம் நல்ல விதிகள். சிக்கல், செய்தியும் நடப்பு நிகழ்வும் அரசியலும் கூடாது என்கிற விதியில் இருக்கிறது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் மறுஒலிபரப்பு செய்யலாம். வானிலை, பரீட்சை முடிவு, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர் விநியோகம் இவற்றைச் சொல்லலாம், அது செய்தி ஆகாது. ஆக, ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று அறிவிக்கலாம். மூன்று நாளாக ஏன் வரவில்லை என்று கேட்டால் அது எந்தக் கணக்கு? 2013-இல் அந்தத் திட்டம் தொடங்கியதே நம்ம தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடால்தான். குழாய் வராத நாளில் மறுபடியும் போர் தண்ணீரைக் குடித்துப் பல் கறையாகி, முட்டி மடங்காமல் போகிற மனிதர், தன் முட்டியைப் பற்றிப் பேசினால் சுகாதாரம், குழாயைப் பற்றிப் பேசினால் அரசியலா? இந்தக் கோட்டை எங்கே போடுவார்கள் என்பதுதான் என் பயம்.

இந்தத் தடையை எதிர்த்து 2013-இல் காமன் காஸ் அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நேபாளத்தில் சமுதாய வானொலிகள் செய்தி சொல்கின்றன. 2005-இல் மன்னர் ஆட்சியைக் கையில் எடுத்து எஃப்எம் செய்திகளைத் தடை செய்தபோது, செய்தியைப் பாட்டாகப் பாடியே ஒலிபரப்பினார்கள்.

சித்தேரி அடிவாரம்
நான் அரூர் பக்கம். எங்கள் மலையடிவாரத்துப் பழங்குடி ஊர் வாச்சாத்தியைப் பற்றி இங்கே யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

1992 ஜூன் 20. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று ஊருக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்களுக்கு நடந்த பாலியல் கொடுமை எல்லோருக்கும் தெரியும். வீடுகளை இடித்தார்கள், தானியத்தைக் கொட்டினார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். ஊரே காலியானது. இத்தனையும் வெளியுலகத்துக்குத் தெரியவே வாரக்கணக்கில் ஆனது. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் வந்து பார்த்து வெளியே சொன்னார்கள். தர்மபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29. கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பத்தொரு வருசம்.

அந்தப் பெண்கள் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தை எத்தனை பேர் முன்னால் சொன்னார்கள்! போலீசிடம், சிபிஐயிடம், நீதிபதியிடம், வக்கீலிடம், வந்துபோன ஒவ்வொரு பத்திரிகைக்காரரிடமும். எப்போதும் வேறு யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற இடத்தில்தான் நின்றார்கள். மலையடிவாரத்தில் ஒரு வானொலி இருந்து, ஒரு சாயங்காலம் அவர்கள் விரும்பியதை விரும்பிய வரிசையில் பேசினால், அது நடப்பு நிகழ்வா, வாழ்க்கை அனுபவமா? எந்த அதிகாரி முடிவு செய்வார்?

செய்தி கூடாது என்ற விதியை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் அது மாறட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. கூலி, காடு, தண்ணீர், பட்டா எல்லாவற்றையும் பாதிக்கப்பட்டவரே தன் கதையாகச் சொன்னால் அதை எந்த விதியாலும் லேசில் நிறுத்த முடியாது.

மாந்தோப்பு
போச்சம்பள்ளி. எனக்குப் பெரிய விஷயமெல்லாம் பேச வராது, என் பாடு என்னவென்று சொல்கிறேன்.

பெங்களூரா மாங்காய் ஜூன் மாதம் ஒரே மூச்சில் இறங்கும். மரத்தில் விட்டால் பழுத்து விழும், பறித்தால் அன்றைக்கே விற்க வேண்டும். கூழ் ஃபேக்டரி என்ன விலைக்கு எடுக்கிறது என்பது வண்டி லோடு ஏற்றிக் கேட் முன்னால் வரிசையில் நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அதற்குள் வண்டி வாடகை ஏறியிருக்கும், பறி கூலி கொடுத்தாகிவிட்டிருக்கும். திரும்பவா போவது? சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வருவோம். போன வருசம் ஒரு ராத்திரி முழுக்க வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். பக்கத்து வண்டிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது, அன்றைக்கே இன்னொரு பக்கத்தில் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள். ஆறு டன் லோடு. ஆறாயிரம் ரூபாய்.

காலையில் ஐந்தரை மணிக்கு, எந்தக் கேட்டில் என்ன விலை, எத்தனை வண்டி வரிசையில் நிற்கிறது என்று யாராவது சொன்னால் போதும். தக்காளிக்கு ராயக்கோட்டை, பாலக்கோடு மார்க்கெட் விலையும் சேர்த்துச் சொல்லட்டும். விலையைச் சொல்கிறவன் கையில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது. எனக்குத் தெரிந்த அரசியல் அதுதான்.

பழைய அறிவிப்பாளர்
ஒரு நிலையத்தில் பல வருசம் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்தேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, உச்சரிப்பு. ஒரு விவசாயியை ஸ்டுடியோவுக்குள் கூட்டிவந்து உட்கார வைத்ததும், "வந்துகிட்டு... நாங்கள் வந்து பயிரிடுகிறோம்" என்று ஆரம்பிப்பார். வாசலில் என்னிடம் கலகலவென்று பேசியவர்தான். சிவப்பு விளக்கு எரிந்ததும் பாடப்புத்தகத் தமிழுக்குப் போய்விடுவார். நானே பலரை, "இப்படிச் சொல்லாதீங்க, அப்படிச் சொல்லுங்க" என்று திருத்தியிருக்கிறேன். அதற்காக இப்போது வருத்தப்படுகிறேன். ஏரிக்கரையில் அந்தப் பாட்டி "கண்ணு" என்றாரே, அதை வெட்டாமல் வைத்தீர்கள். அதுதான் சரி.

இரண்டாவது, பொறுப்பு. மைக் கையில் இருந்தால் ஒரு பொய் வதந்தியும் பத்து கிலோமீட்டர் போகும். குற்றம் சாட்டப்படுகிறவரிடம் பதில் கேட்காமல் எதையும் போடாதீர்கள். அவர் பேச மறுத்தால், எந்தத் தேதியில் எப்படிக் கேட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெண் பிள்ளை சம்பந்தப்பட்டதென்றால், பேர் சொல்லாவிட்டாலும் ஊரும் தெருவும் குரலும் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். சின்ன வட்டத்துக்குள் ஒலிபரப்புகிறவர்களுக்கு இந்தக் கவனம் இன்னும் பல மடங்கு வேண்டும்.

காலனி வீடு
எல்லாம் சரி. நிலையம் எந்தத் தெருவில் இருக்கும்?

கேள்வி சின்னதாகத் தெரியலாம். எங்கள் தாத்தா தண்டோரா போட்டவர். வரி கட்ட வேண்டும், திருவிழா சாட்டியிருக்கிறார்கள், ஏலம் விடுகிறார்கள் என்று பறையடித்து ஊர் முழுக்கச் சொல்வார். ஊருக்குச் செய்தி சொன்ன குரல் எங்கள் வீட்டுக் குரல். அதில் ஒரு வார்த்தைகூட எங்களுடையது கிடையாது. மழையில் போய்ச் சொல்லிவிட்டு வந்து வாசலிலேயே நிற்பார், கூலியைக் கையில் தர மாட்டார்கள், கீழே வைப்பார்கள். இனிமேல் தண்டோரா கூடாது என்று தலைமைச் செயலாளர் சொன்னது 2022-இல்தான்.

ஊர்ப் பக்கம் சமுதாயக் கூடத்திலோ கோயில் இடத்திலோ ஸ்டுடியோ வைத்தால் எங்கள் அம்மா உள்ளே வர மாட்டார். வரக் கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் வர மாட்டார். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கம் மூன்று காலனிகள் எரிந்ததைப் பார்த்த மாவட்டம் இது. பொது இடம் என்று நீங்கள் சொல்கிற இடம் எங்களுக்குப் பொதுவா என்று முதலில் எங்களைக் கேளுங்கள்.

தெலங்கானா ஆந்திராவாக இருந்த காலத்தில், மேடக் மாவட்டம் பஸ்தாபூர் பக்கம் தலித் பெண்கள் சங்கம் வானொலி நடத்த ஆரம்பித்தார்கள். 2008 அக்டோபர் 15, தொண்டு அமைப்பு நடத்துகிற சமுதாய வானொலிகளில் நாட்டிலேயே அதுதான் முதல். விதை, சிறுதானியம், பாட்டு, மருந்து எல்லாம் அவர்கள் பேச்சில்தான். மைக் முன்னால் பேசுகிறவர்கள் மட்டுமில்லை, பட்டன் அழுத்துகிறவர்களும் அவர்களே. கம்பம் அவர்கள் பக்கம் நின்றதால்தான் அது நடந்தது என்று நம்புகிறேன். நம்ம ஊரில் காலனியில் நிலையம் இருந்தால் ஊர்க்காரர்கள் வருவார்களா? வருகிறவர்களை வைத்து ஆரம்பிப்போம்.

வயர்மேன்
காலனி வீட்டுத் தம்பி சொன்னதை யோசித்தேன். கம்பம் எங்கே நின்றாலும் எனக்கு ஒயர் நீளம் ஒன்றுதான். காலனியிலேயே நடலாம், நான் வந்து நட்டுத் தருகிறேன்.

தளி ரோடு
காலனி வீடு எழுதியதைப் படித்த பிறகு நான் முதலில் சொன்னதில் கொஞ்சம் பின்வாங்குகிறேன். வாட்ஸப் குழுவில் யாரைச் சேர்ப்பது என்று அட்மின் முடிவு செய்கிறார். ரேடியோவில் திருகைத் திருப்பினால் யாரும் கேட்கலாம். ஊர்த் தெருவில் இருக்கிறவர் காலனிக் குரலைத் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்பார். அது பெரிய விஷயம்.

பணம் எங்கிருந்து வரும் என்பதையும் பேசிவிடுவோம். பொலிவியாவில் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் 1940-களின் கடைசியிலிருந்தே தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கு போட்டுச் சொந்த வானொலிகள் நடத்தினார்கள். ராணுவம் வந்து அடித்து நொறுக்கும், மறுபடியும் கட்டுவார்கள். அமெரிக்காவில் பெர்க்லியில் 1949-இல் தொடங்கிய கேபிஎஃப்ஏ, கேட்பவர்கள் தரும் காசில் நடக்கிறது.

இங்கே விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் அனுமதி, அரசு விளம்பரத்துக்குப் பத்து வினாடிக்கு 74 ரூபாய் என்று 2024-இல் உயர்த்தினார்கள். முழுக்க நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய். முழுக்க நிரம்பாது. நிரம்பினாலும் எனக்குப் பயம்தான். விளம்பரம் தருகிற கையைக் கேள்வி கேட்க நா எழாது.

மாந்தோப்பு
விலை சொல்கிற வானொலிக்கு சீசனில் வண்டிக்குப் பத்து ரூபாய் நான் தருவேன். எங்கள் பக்கம் இன்னும் நாற்பது பேரைத் தரச் சொல்ல முடியும்.

சட்டம் படிக்கிறவள்
உரிமத்துக்கு முன்னாலேயே ஆரம்பிக்கலாம் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. வேப்பனப்பள்ளி எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டத்தில் பூதிக்கோட்டை. ஹைதர் அலி பிறந்த ஊர். 2000-களின் தொடக்கத்தில், கிராமத்துக்கு உரிமமே தராத காலத்தில், அந்த ஊர்க்காரர்கள் நம்ம த்வனி என்று நடத்தினார்கள். அலைவரிசை இல்லை, ஆகவே டிவிக்குப் போகிற கேபிளிலேயே ஒலியை வீடு வீடாக அனுப்பினார்கள். பஸ்தாபூர்க்காரர்களும் உரிமம் கைக்கு வருவதற்குப் பல வருசம் முன்பே பதிவு செய்து, சங்கக் கூட்டங்களில் நாடாவைப் போட்டுக் கேட்டவர்கள்தான்.

அமைப்பைப் பதிவு செய்து மூன்று வருசம் எப்படியும் ஓட வேண்டும். அந்த மூன்று வருசத்தில் ஏரிக்கரை செய்ததை ஊர் ஊராகச் செய்யலாமே. பதிவு வேலையை என்னிடம் விடுங்கள். நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள், அதில் காலனி, மலைக்கிராமப் பெண்கள் இத்தனை பேர் என்று விதியிலேயே எழுதிவிடுவோம். பின்னால் யாரும் மாற்ற முடியாதபடி.

ஏரிக்கரை
எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கம்பம் காலனியில், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எங்கள் குழுவில் ஒருவர் முகம் சுளித்தார். அவரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன், இன்னும் பேசுவேன். அவருக்காக இடத்தை மாற்ற மாட்டோம்.

முதல் ஆறு பதிவுகள் முடிவாகிவிட்டன: மாங்காய் கேட் விலை, ஒகேனக்கல் குழாய் வராத நாட்கள், விடுதிப் பெண்கள் (குரல் மட்டும், பேர் இல்லை), தண்டோராத் தாத்தாவின் கதை, நூறு நாள் கூலிக் கணக்கு, சித்தேரி மலையில் காட்டு உரிமைப் பட்டா. ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்குள். முதலில் எந்த ஊரில் பதிவு செய்தோமோ அங்கே போடுவோம், அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்த ஊர்.

காலனி வீடு தம்பி, உங்கள் அம்மா பேசுவாரா?

காலனி வீடு
கேட்டேன் அக்கா. பேசுகிறேன் என்றார். காலையில் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு, ஏழரைக்கு மேல். மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துதான் பேசுவாராம், வீட்டுக்குள் வேண்டாமாம். மாடு கத்துமே, பரவாயில்லையா?

ஏரிக்கரை
கத்தட்டும் தம்பி. ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு வருகிறேன்.